கீழே இறங்காத வழிகாட்டி

ஹம்மூதா தரையில் குப்புறப் படுத்து, ஒரு துளைக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். சிவப்புக் குல்லா உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று கழற்றிப் பக்கத்துக் கல்லின்மேல் வைத்திருக்கிறார். வெயில் முதுகில் அடிக்கிறது. துளைக்கு அடியில், மண்ணுக்குள், ஜெர்மனியிலிருந்து வந்த ஆறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா? அந்தப் பெரிய கல்லு தெரியுதா? அதைச் சுத்தித்தான் ஒட்டகம் நடக்கும். கண்ணைக் கட்டி விட்டிருப்பாங்க. ஏன்னு கேளுங்க. கேளுங்கம்மா, கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்!"

"ஏன்?" என்று கீழேயிருந்து ஒரு பெண் கேட்கிறாள்.

"கண்ணைத் திறந்துவிட்டா, இவ்வளவு நடந்தும் எங்கேயும் போகலைன்னு அதுக்குத் தெரிஞ்சு போயிரும்!"

கீழே சிரிக்கிறார்கள். ஹம்மூதாவும் துளைக்குள் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு உள்ளே சுற்றிவிட்டுப் பெரிதாகித் திரும்பி வருகிறது. அது அவருக்குப் பிடிக்கும். பிறகு தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்து, "குறுக்கு வலிக்குது தங்கச்சி" என்கிறார்.

அது பூமிக்கடியில் குடைந்த பழைய எண்ணெய்ச் செக்கு. மேலேயிருக்கும் துளை ஆலிவ் காய்களைக் கொட்டுவதற்காக வைத்தது, ஆளின் தலையை விடுவதற்கு வைத்ததல்ல. கீழே போகப் படிக்கட்டு இருக்கிறது, நாலு எட்டு தள்ளி. அதில் இறங்கித்தான் ஹம்மூதா வருஷக்கணக்கில் எல்லாரையும் அழைத்துப் போனார். இப்போது வருகிறவர்களை இறக்கிவிட்டு அவர் மட்டும் மேலே படுத்துக்கொள்கிறார். வெளியூர்க்காரர்கள் இதை ஜெர்பா தீவின் ஏதோ பழைய வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் பயபக்தியோடு படம் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஹூமத் சூக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சத்திரம். முன்பு வணிகர்களும் அவர்களுடைய கழுதைகளும் தங்கிய இடம். இப்போது முதுகுப்பை மாட்டியவர்கள் தங்குகிறார்கள். காலையில் முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டியில் மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டு, "இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் ஹம்மூதா வீட்டு வாசலைக் காட்டிவிடுவேன். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து சொல்வதைக் கேட்டால், நான் பிறந்து வளர்ந்த ஊர் இதுதானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அவர் முன்பு மீன் சந்தையில் ஏலம் கூறியவர். எங்கள் சந்தையில் ஏலக்காரர்கள் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, நாரில் கோர்த்த மீன்களைத் தூக்கிப் பிடித்துக் கூவுவார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் இவர் இறங்கிவிட்டார். கேட்டால், "காலுக்கு ஒண்ணுமில்ல, நாற்காலி உசரமாயிருச்சு" என்பார். நாற்காலியை விட்டாரே தவிர ஏலத்தை விடவில்லை. இப்போது ஊரின் பழைய கோட்டை வாசலில், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்று கையைத் தலைக்குமேல் தூக்கி, கோட்டையையே நாரில் கோர்த்துப் பிடித்திருப்பதுபோல ஆட்டுவார்.

"யாரு பாக்கல? நீங்க பாத்தாச்சு. நீங்களும் பாத்தாச்சு. அந்த நீலச் சட்டை பாக்கல! ஐயா, இந்தப் பக்கம் வாங்க, இப்ப விட்டா இந்த வெளிச்சம் போயிரும், நாளைக்கு வேற வெளிச்சம்தான் கிடைக்கும்!"

நீலச் சட்டைக்காரர் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடி வருவார்.

வரலாறு அவரிடம் மாட்டிக்கொண்டு படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் கோட்டையை முற்றுகையிட்ட கப்பல்கள் மூன்றென்றால் மத்தியானம் அவை முப்பதாகிவிடும். இரண்டு தடவையும் கூடவே வந்த ஒரு பெல்ஜியக்காரர், மூன்றா முப்பதா என்று பணிவாகக் கேட்டார். ஹம்மூதா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "தூரத்துல வர்றப்ப மூணு மாதிரிதான் தெரிஞ்சுது. கிட்ட வந்ததும் பாத்தா முப்பது."

ஆனால் அவர் எல்லாவற்றையும் கூட்டியே சொல்வார் என்று நினைத்துவிடக் கூடாது. குறைத்தும் சொல்வார். கோட்டைக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு மண்டையோட்டுக் கோபுரம் இருந்தது. தோற்றுப்போன ஸ்பானியப் படையின் தலைகளை அடுக்கிக் கட்டியது. பிறகு அவற்றை எடுத்து அடக்கம் செய்துவிட்டார்கள். இப்போது ஒரு தூண்தான் நிற்கிறது. மற்றவர்களுக்கு இந்தக் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்கிறவர், ஸ்பெயினிலிருந்து யாராவது வந்தால் மட்டும் "இது தூண்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு என்மேல் பாய்ந்தார்.

"விருந்தாளியைக் கூப்பிட்டு நிக்க வச்சு, இது உங்க பாட்டன் மண்டைன்னு சொல்லச் சொல்றியா? உன் சத்திரத்துல வேணும்னா நீ சொல்லு."

சுவரில் யாராவது சாய்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "அதுக்கே வயசாச்சு, அதுமேல நீங்களும் சாய்ஞ்சா?" என்பார். கடலோரத்து வெள்ளைப் பள்ளிவாசலுக்கு வந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. செருப்பைக் கழற்றச் சைகை காட்டுவார், உள்ளே விடுவார், வெளியே வந்து நிற்பார். இத்தனை நேரம் கூவிக்கொண்டிருந்தவர் சும்மா நிற்பதைப் பார்த்ததுமே வந்தவர்களும் அடங்கிப் போவார்கள். வேறு எந்த வழிகாட்டியும் அந்தப் பள்ளிவாசலை அவ்வளவு நன்றாகக் காட்டியதில்லை என்று ஒரு பேராசிரியை என்னிடம் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே சொல்லவில்லை என்றாள்.

அவர் மனைவி மப்ரூக்காவுக்கு இதிலெல்லாம் மதிப்பு கிடையாது. "எங்க வீட்டுல பல்பு போயி ரெண்டு மாசமாச்சு. இவரு கோட்டைக்குத் தூசி தட்டிக்கிட்டு இருக்காரு" என்று கஞ்சிப் பானையைக் கிண்டிக்கொண்டே சொல்வாள். "ஐநூறு வருஷத்துக்கு முந்தி செத்தவன் பேரெல்லாம் தெரியும். என் தம்பி பேரு என்னன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாரு."

ஆனால் செக்கைப் பற்றி அவள் கேலி பேசுவதில்லை. நாற்காலியிலிருந்து இறங்கிய பிறகு ஹம்மூதா மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் கிடந்ததை அவள்தானே பார்த்தாள். அந்தக் காலத்தில் ஒருநாள் நடந்து போனவர், ஊருக்கு வெளியே கத்தூஸி வீட்டாரின் பழைய செக்குக்கு முன்னால் நின்றார். படிக்கட்டு தெரியாத அளவுக்குக் குப்பை. மறுநாள் ஒரு கூடையோடு போனார். அதற்கு மறுநாளும் போனார். கத்தூஸி வீட்டார் எல்லாரும் பிரான்சில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். ஊரில் மிஞ்சியிருந்த ஒரு கிழவி அவர் பாடுபடுவதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்து, "வச்சுக்கோ, எனக்கு எதுக்கு" என்றாள். பிறகு அவளும் கண்ணை மூடிவிட்டாள். சாவி அவர் கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது. கோட்டை, சந்தை, பள்ளிவாசல் எல்லாம் முடித்துக் கடைசியில்தான் செக்குக்கு அழைத்து வருவார். மற்றதெல்லாம் அரசாங்கத்துடையது, இது மட்டும் தன்னுடையது என்கிற மாதிரி அவர் நடையே மாறும்.

அப்படிப்பட்டவர் ஏன் இறங்காமல் போனார் என்று சொல்ல, உத்தரவு கேட்கிற எங்கள் வழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆளில்லாத வீட்டுக்குள் நுழையும்போது நாங்கள் எல்லோரும் உத்தரவு கேட்போம். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால், வெந்நீரை மண்ணில் ஊற்றினால், "இடத்துக்காரங்களே, உத்தரவு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வோம். அந்த இடத்துக்காரர்கள் யார் என்று விளக்கிப் பேசுவதில்லை. பேசினால் வந்துவிடுவார்கள். நான்கூட, விருந்தாளி யாருமில்லாத மாதங்களில் சத்திரத்து அறைகளைத் திறக்கும்போது முணுமுணுத்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவேன்.

ஹம்மூதாவுக்கு முணுமுணுக்கத் தெரியாது. படிக்கட்டின் மேல்படியில் நின்று, மொத்தச் சந்தைக்கும் கேட்கிற குரலில் கூவுவார். "இடத்துக்காரங்களே! உத்தரவு குடுங்க! விருந்தாளிங்க வந்திருக்காங்க!" பிறகு ஒரு கையை உயர்த்துவார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வரும், வேறொன்றும் வராது. கையை இறக்கிவிட்டு, "சத்தமில்ல. சம்மதம்னு அர்த்தம். இறங்குங்க" என்பார். இதற்காகவே இரண்டாவது முறை வந்தவர்கள் உண்டு.

போன வசந்தத்தில் ஒரு மத்தியானம், நான்கு விருந்தாளிகளோடு நானும் போயிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. காலையில் தானே பூட்ட மறந்துவிட்டதாக நினைத்து ஹம்மூதா தலையில் தட்டிக்கொண்டார். மேல்படியில் நின்றார். கூவினார். கையை உயர்த்தினார்.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், சாவதானமாக, "வாங்க வாங்க, நம்ம வீடுதான். உள்ள வாங்க" என்றது.

ஹம்மூதா ஓடியதை நான் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்காத அந்த மனுஷர் கள்ளிவேலியைத் தாண்டி, ஒரு செருப்பை விட்டுவிட்டு, கடைத்தெருப் பக்கமாகப் பறந்தார். என் விருந்தாளிகள் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நான் ஓடவில்லை, அவ்வளவுதான். கால் வரவில்லை.

சற்று நேரத்தில் கீழேயிருந்து ஓர் ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தான். நெடுநெடுவென்று உயரம். கையில் பாதி தின்ற ரொட்டி. கத்தூஸி வீட்டுப் பேரன் நூரி. பிரான்சில், லியோன் நகரத்தில் கடை வைத்திருக்கிறவன். தன்னிடமிருந்த பழைய சாவியைப் போட்டுத் திறந்து, வெயிலுக்கு இதமாக உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"யாரோ வாசல்ல கூப்பிட்டாங்க, வாங்கன்னேன். அதுல என்ன தப்பு?" என்றான்.

தப்பே இல்லை. எங்கள் ஊரில் யார் வாசலில் குரல் கொடுத்தாலும் வாயில் கவளத்தோடாவது "வாங்க" என்றுதான் சொல்வோம். வெளிநாட்டில் வளர்ந்தும் அவனுக்கு அது மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

ஊர் சும்மா விடுமா? ஹம்மூதா காபிக் கடைக்குள் காலை வைத்தால் மூலையிலிருந்து ஒருவன், "வாங்க வாங்க, நம்ம வீடுதான்" என்பான். மீன் சந்தையில் நாற்காலியில் இருக்கிறவன் இவர் தலையைக் கண்டதும் மீனைத் தூக்கிப் பிடித்து, மீனே பேசுவதுபோல், "உள்ள வாங்க!" என்று கூவினான். சந்தை முழுவதும் உருண்டு சிரித்தது. ஹம்மூதாவும் சிரித்தார். தன்னைப் பற்றிய கேலியைத் தானே நடித்துக் காட்டுவார். செருப்பு கழன்ற கட்டத்தை எல்லாரையும்விட நன்றாக நடிப்பார். நூரியைக் கட்டிப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய் ஆக்டோபஸ் போட்ட சோறு போட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு செக்குக்குள் இறங்கவில்லை.

எனக்கு இது பிடிபடவில்லை. பேசியது நூரி என்று தெரியும், சிரித்தாகிவிட்டது, சோறும் போட்டாகிவிட்டது. பிறகென்ன பயம்? மப்ரூக்காவைக் கேட்டேன். "எனக்கும் சொல்ல மாட்டேங்குறாரு. முட்டிவலின்னு சொல்றாரு. அந்த முட்டிதானே வேலியத் தாண்டுச்சு?" என்றாள். நூரியைக் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். கடைசியில், ஜெர்மன்காரர்கள் போன பிறகு, துளைக்குப் பக்கத்தில் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரையே கேட்டேன்.

"அண்ணே, அது நூரிதானே?"

"நூரிதான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

அவர் குல்லாவை எடுத்து முழங்காலில் மாட்டிச் சுற்றினார்.

"இத்தனை வருஷம் நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. யாருமில்லன்னு நிம்மதியா இறங்குனேன். ஒரு தடவை பதில் வந்துருச்சு. இப்பவும் கேட்டுப் பாக்குறேன், நீ இல்லாதப்ப. சத்தமில்ல. ஆனா முந்தி சத்தமில்லாததும் இப்ப சத்தமில்லாததும் ஒண்ணு இல்ல தங்கச்சி. முந்தி யாருமில்ல. இப்ப யாரோ பதில் சொல்லாம இருக்காங்க."

நான் துளையைவிட்டு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தேன். அதைக் காட்டிக்கொள்ளாமல், "அப்படின்னா கேக்காமலே இறங்கிடுங்க" என்றேன்.

"உன் சத்திரத்துக்குள்ள எவனாவது கேக்காம நுழைஞ்சா விடுவியா?"

விடமாட்டேன். அதற்குமேல் எனக்கும் வழி தெரியவில்லை. கேட்டால் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் பயம். கேட்காமல் போவது மரியாதை இல்லை. அதனால்தான் துளை.

இது இப்படியே போயிருக்கும். இலையுதிர் காலத்தில் நூரி மறுபடி வந்தான், இந்த முறை வேலையாக. கத்தூஸி வீட்டுப் பங்காளிகள் பிரான்சில் கூடிப் பேசி, செக்கை என்ன செய்வதென்று முடிவெடுக்கும் பொறுப்பை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். துறைமுகத்தில் காபிக் கடை வைத்திருக்கும் ஷுக்ரி அவனை விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார். ஷுக்ரி கெட்டவரல்ல, எதைப் பார்த்தாலும் அங்கே மெத்தை போடலாமா என்று பார்க்கிற மனுஷர், அவ்வளவுதான். செக்குக்குள் மெத்தை, வண்ண விளக்கு, புகைக்கிறவர்களுக்கு ஹுக்கா, மூலையில் பாட்டுப்பெட்டி என்று திட்டம் தயாராக இருந்தது.

நூரி நியாயமானவன். ஹம்மூதா வீட்டுக்கு வந்து நேராகவே பேசினான். நானும் இருந்தேன்.

"சாச்சா, இந்த இடத்தைக் குப்பையிலேருந்து எடுத்தது நீங்க. எனக்குத் தெரியும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா உள்ளயே போகாத ஆள்கிட்ட சாவியைக் குடுத்து என்ன செய்ய? கீழ ஒரு அம்மா வழுக்கி விழுந்தா, நீங்க மேலேருந்து ஒட்டகக் கதையா சொல்லிட்டு இருப்பீங்க?"

மப்ரூக்காவே தலையைக் குனிந்துகொண்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புறேன். அதுக்கு முன்ன ஒருதடவை முந்தி மாதிரி எங்களைக் கூட்டிட்டுப் போங்க. நானும் விருந்தாளி மாதிரி வர்றேன். நீங்க இறங்குனா சாவி உங்களுக்கு. இல்லன்னா ஷுக்ரி கேக்குறாரு, குடுத்துடுவேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவன் போன பிறகு ஹம்மூதா கழுத்துச் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நாற்காலியிலேருந்து இறங்குனப்ப எனக்குப் போறதுக்கு ஒரு இடமில்ல. அங்கதான் போனேன். அங்க வண்ண விளக்குப் போட்டா எனக்குத் தாங்காது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  இந்த மனுஷரை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அதற்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை மப்ரூக்கா அவருக்கு வெள்ளை ஜிப்பாவை இஸ்திரி போட்டுக் கொடுத்து, "இன்னைக்கு இறங்கலைன்னா வீட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். குரல்தான் கடுமை, வாசலில் நின்று நாங்கள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நூரி, ஷுக்ரி, என் சத்திரத்தில் தங்கியிருந்த இத்தாலியத் தாயும் மகளும், நான். ஹம்மூதா வழியெல்லாம் கோட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்குக் கப்பல்கள் எண்ணில் அடங்கவில்லை.

மேல்படியில் நின்றார். கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. மீன் சந்தை முழுவதையும் அடக்கிய அந்தத் தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் காத்து நின்றோம். இத்தாலியத் தாய் மரியாதைக்காகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஹம்மூதா கையை இறக்கி, யார் முகத்தையும் பார்க்காமல், "போங்க. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுத் துளைப் பக்கம் நடந்தார்.

நூரி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஷுக்ரி முதல் ஆளாக இறங்கினார்.

கீழே நல்ல குளிர். துளையில் ஹம்மூதாவின் தலை இருந்ததால் வழக்கமாக விழுகிற வெளிச்சமும் இல்லை. ஷுக்ரி சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். மேலேயிருந்து ஒட்டகக் கதை வந்தது. அதில் உப்புமில்லை, உறைப்புமில்லை. ஏன் என்று கேட்கச் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

நூரி அலைபேசி விளக்கைப் போட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். வசந்தத்தில் வந்தபோது அவன் செக்குக்கல் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன். உள்ளே ஜாடிகள் வைக்கிற அறை ஒன்று இருப்பது இப்போதுதான் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதற்குள் போகும் வளைவு பாறையில் வெட்டியது, தாழ்வானது, விளிம்பு கூர்மையானது. அண்ணாந்த முகத்தோடு அதை நோக்கிப் போனான்.

"குனி!" என்று மேலேயிருந்து ஓர் அலறல். "நூரி, குனி!"

அந்த இடத்தில் மேலேயிருந்து சத்தம் போட்டால் எல்லாச் சுவரிலிருந்தும் வரும். குனிந்தது நானும் இத்தாலியத் தாயும் மகளும்தான். நூரி யார் கூப்பிடுகிறார்கள் என்று துளையைத் திரும்பிப் பார்த்தான். கால் மட்டும் நிற்காமல், மெல்ல மெல்ல வளைவை நோக்கிப் பின்பக்கமாக நடந்தது.

துளையிலிருந்து வெளிச்சம் பொத்தென்று விழுந்தது. தலையைக் காணோம். படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. உத்தரவு கேட்க யாருக்கு நேரம் இருந்தது? ஒரு வெள்ளை ஜிப்பா என்னை இடித்துக்கொண்டு போயிற்று. செக்குக்கல்லை அது சுற்றிப் போன விதத்தில் கண் தேவைப்படவில்லை. நூரியின் பின்மண்டை வளைவில் மோதியது. மோதிய சத்தம் கல்லில் மோதிய சத்தமாக இல்லை.

ஹம்மூதாவின் உள்ளங்கை நடுவில் இருந்தது. புறங்கை கல்விளிம்பில் நசுங்கியிருந்தது.

அவர் மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஒரு கணம் அவர் உடம்பு முழுவதும் விறைத்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"குனிஞ்சு போப்பா," என்றார். ஏலக் குரல் இல்லை. வீட்டில் பேசுகிற குரல். "இங்க எல்லாரும் ஒருதடவை இடிச்சுக்குவாங்க."

நூரி குனிந்து, அந்தக் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனான். அலைபேசி விளக்கை அணைத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் இத்தாலியத் தாய் போனாள், மகள் போனாள், நான் போனேன். ஒவ்வொரு தலைக்கும் மேலே அந்தக் கை இருந்தது. புறங்கையில் ரத்தம் கசிந்திருந்ததை நான் கிட்டத்தில் பார்த்தேன். கடைசியாக ஷுக்ரி வந்தார், அளந்த அடிகளை இன்னும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு. ஷுக்ரி குள்ளம், அவர் குனியவே தேவையில்லை. ஆனாலும் அவர் முழுசாகத் தாண்டி உள்ளே வரும்வரை ஹம்மூதா அந்தக் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.